காலி செய்யும் வீட்டில் பழைய சாமான்: நான்கு பேர் சேர்ந்து போனால் எதை, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: திருவான்மியூர்வாசி

மந்தவெளியில் ஒரு பழைய தனி வீடு இடிபடப் போகிறது. உள்ளே இருப்பதை ஞாயிறு காலை 9 மணிக்கு மேல் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டார் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். தேக்கு அலமாரி, கட்டில், இரும்பு பீரோ, பித்தளைப் பாத்திரம், ஈயச் சொம்பு, இசைத்தட்டு, வால்வு ரேடியோ எல்லாம் உண்டாம். நாங்கள் நான்கு நண்பர்கள் போகிறோம். இரண்டு பேருக்கு மரச்சாமான் வேண்டும், ஒருவருக்குப் பாத்திரம், ஒருவருக்கு இசைத்தட்டு. கையில் என்ன கொண்டுபோவது? எதைப் பார்த்து எடுப்பது? எதைத் தொடவே கூடாது?

பதில் 1: வைரக்கட்டை

முதல் வேலை, போவதற்கு முன்பே யாருக்கு எது என்று பேசி முடித்துவிடுங்கள். உங்களில் இரண்டு பேர் ஒரே அலமாரியைத் தனித்தனியாக விலை கேட்டால் வீட்டார் விலையை ஏற்றத்தான் செய்வார்கள். பேசுவது ஒருவர், மற்ற மூவர் கண். நண்பர்களோடு போவதன் சுகமே அதுதான்: மரம் பார்க்கிறவர் கவனிக்காத உழக்கை, பாத்திரக்காரர் அலமாரியின் மேல்தட்டில் கண்டெடுப்பார்.

பையில் போட வேண்டியவை: டார்ச், 5 மீட்டர் டேப், சின்ன காந்தம், கறுப்புத் துணி ஒன்று, சாக்பீஸ், பழைய போர்வை இரண்டு, சில்லறை நோட்டு. கிளம்பும் முன் உங்கள் வீட்டு லிஃப்ட் கதவின் அகலம் உயரத்தையும், மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 7 அடி அலமாரியை வாங்கிவிட்டு இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கக் கூடாது.

அலமாரியின் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பாலிஷ் எதையும் மறைக்கும். இழுப்பறையை முழுக்க வெளியே உருவி, தலைகீழாகப் பிடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் புறாவால்போல விரிந்த பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் அளவு மாறி இருந்தால் அது கைவேலை. ஒரே அச்சாக இருந்தால் மெஷின். ஆணி மட்டும் அடித்திருந்தால் பின்னால் பழுது பார்த்ததாக இருக்கலாம். முதுகுப்பலகை நாட்டு மரமாக இருப்பது அந்தக் காலத்திலும் வழக்கம், அதற்காக ஒதுக்க வேண்டாம்.

பூச்சி இரண்டு வகை. கரையான் மண்பூசிக்கொண்டு வரும். உள்ளே தின்றுவிட்டு மேல்தோலை விட்டுவைக்கும். விரல் கணுவால் கால்களின் அடிப்பக்கத்தைத் தட்டுங்கள், சத்தம் பொத்தென்று வந்தால் உள்ளே கட்டை இல்லை. உளுப்பூச்சி குண்டூசித் தலையளவு வட்டத் துளை போடும். அடியில் கறுப்புத் துணியை விரித்து மரத்தைத் தட்டுங்கள். மைதா மாதிரி மெல்லிய வெளிர் பொடி உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கலாம். உளுப்பூச்சிக்குப் பிடித்தது வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்புற வெளுத்த பகுதி; தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான உள்கட்டையை, அது அவ்வளவாகத் தொடாது. ஆகவே துளை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். விளிம்பில் வெளுத்த பட்டையில் மட்டும் இருந்தால் சரிசெய்யலாம், காலிலும் சட்டத்திலும் இருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கியதை உடனே மற்ற மரச்சாமானோடு சேர்க்காமல் ஒரு மாதம் பால்கனியில் தனியே வைத்து, கீழே புதிதாகப் பொடி விழுகிறதா என்று கவனியுங்கள்.

இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற சாமான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, வேளச்சேரிப் பக்கத்துச் சாமானில் கால்களைச் சுற்றி ஒரே உயரத்தில் கறுத்த கோடு, பிளைவுட் உப்பல், பீரோவின் அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பீரோவுக்குக் கைப்பிடியைத் திருப்பி, கம்பிகள் மேலும் கீழும் முழுதாக ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். லாக்கர் சாவியைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டிலைக் கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதுங்கள். கையால் செதுக்கிய பொருத்து, ஒரு காலுக்கு உரியது இன்னொரு காலில் உட்காராது.

பதில் 2: உருளிக்காரி

பாத்திரத்துக்கு வருகிறேன். முதல் நாளே உங்கள் தெருக் காயலான் கடையில் பித்தளை, செம்பு அன்றைய கிலோ விலை கேட்டுக்கொள்ளுங்கள். அதுதான் அடி விலை. வேலைப்பாடும் வயதும் அதற்கு மேல்.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். வெண்கல உருளியை விளிம்பில் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டினால் நாதம் நீண்டு நிற்கும். அடைத்த மாதிரி நின்றால் எங்கோ விரிசல், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பித்தளையில் புளி, தயிர் சமைக்க உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், தேய்ந்திருந்தால் மறுபடி பூச வேண்டும்.

படி, உழக்கு, ஆழாக்கு செட்டாகக் கிடைத்தால் அரிசியால் சோதியுங்கள். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. தலைதட்டி அளந்து ஒன்றுக்கொன்று சரியாக நிரம்பினால் ஒரே செட்.

ஈயச் சொம்பில்தான் மிகவும் கவனம் வேண்டும். ரசத்துக்கு உரியது வெள்ளீயம் (டின்). காரீயம் (லெட்) நஞ்சு, அதிலும் புளிப்புப் பட்டால் கரைந்து இறங்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, எடையால் ஓரளவு முடியும். சமையலறைத் தராசில் சொம்பை எடை போடுங்கள். 400 கிராம் என்று வையுங்கள். பிறகு தராசில் சின்ன வாளித் தண்ணீரை வைத்து பூஜ்யமாக்கி, சொம்பை நூலில் கட்டி முழுதும் மூழ்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது, உள்ளே காற்று தங்கக் கூடாது. இப்போது காட்டும் கிராம்தான் அதன் கன அளவு, மில்லி கணக்கில். சுத்த வெள்ளீயமானால் சுமார் 55 காட்டும், காரீயமானால் 35. நடுவில் எங்காவது நின்றால் இரண்டும் கலந்தது. நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. அதனால் லேபில் சோதிக்காத பழைய ஈயச் சொம்பை அலமாரியில் அழகுக்கு மட்டும் வையுங்கள், அடுப்பில் வேண்டாம். சுத்த வெள்ளீயமே 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் சொம்பை ஒருபோதும் தீயில் வைக்காதீர்கள்.

பதில் 3: எழுபத்தெட்டு சுற்று

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டு அரக்கில் ஆனது. ஸ்பிரிட்டால் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டு பதிந்த பள்ளமே போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிய துணி, லேபிள் நனையாமல், பள்ளம் போகும் திசையிலேயே துடையுங்கள். தட்டைக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்துப் பார்த்தால் வளைவும் தெரியும், மயிரிழை விரிசலும் தெரியும். வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், சென்னை மே மாதம் அரை மணி நேரத்தில் வளைத்துவிடும்.

வால்வு ரேடியோவை வீட்டார் அன்போடு "போட்டுப் பாருங்கள்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். வருடக்கணக்கில் தூங்கிய கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். மெக்கானிக்கிடம் 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு எழுப்பச் சொல்லுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்து நின்றால் உள்ளே ஷார்ட்.

தொடக்கூடாதவை: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிலை, ஓவியம் தொல்பொருள், கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டு போதும். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது. கோயில் விக்கிரகம் மாதிரி ஏதாவது தென்பட்டால் விலையே கேட்காதீர்கள். யானைத் தந்தமும் மான் கொம்பும் வனவிலங்குச் சட்டத்தில் வரும். பழைய வீணையில் இழைத்திருக்கும் வெள்ளை வேலைப்பாடு தந்தமாக இருக்கலாம், அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

திருவான்மியூர்வாசி

மூவருக்கும் நன்றி. ஜன்னல் கதவும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் கேட்கலாமா?

வைரக்கட்டை

கேட்கலாம், ஆனால் யாரிடம் என்பதுதான் விஷயம். கதவு, ஜன்னல், மெட்ராஸ் டெரஸின் (மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை) தேக்குக் கட்டைகள் எல்லாம் பெரும்பாலும் இடிக்கிற காண்ட்ராக்டரின் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும். வீட்டாரோடு அவரையும் வைத்துப் பேசுங்கள். ஆத்தங்குடிக் கல் பெயர்க்கும்போது உடையும், தேவைக்கு மேல் கால் பங்காவது கூடுதலாகக் கேளுங்கள்.

குட்டியானை எனும் சின்ன சரக்கு வண்டி ஒன்றே நால்வருக்கும் போதும். அலமாரி நின்றபடி, கட்டில் பலகைகள் ஓரமாக, பாத்திரம் போர்வையில் சுற்றி நடுவில். வண்டி கிளம்பும் முன் இழுப்பறைகளை ஒருமுறை துழாவுங்கள். பழைய கடிதம், போட்டோ, பத்திரம் ஏதாவது அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.