மேப் சரியா இருக்கு, ஆனா உயிரில்லை

கரித்துண்டு:
32 பக்கப் படக்கதை ஒண்ணு வரைஞ்சிட்டிருக்கேன். காணாமப் போன ஆட்டுக்குட்டியைத் தேடி ஒரு பொண்ணு ஊரெல்லாம் அலையறா. அட்டையைத் திறந்ததும் வர்ற ரெண்டு பக்கத்துக்கும் ஊரோட மேப் கேட்டாங்க. தெரு, கோயில், ஏரி எல்லாம் அளவு பிசகாம போட்டுக் கொடுத்தேன். எடிட்டர் பாத்துட்டு, "பத்திரத்தோட வைக்கிற எஃப்எம்பி ஸ்கெட்ச் (நிலத்தை அளந்து போடற வரைபடம்) மாதிரி இருக்கே"ன்னுட்டாங்க. எங்கப்பா சர்வேயர், ரத்தத்துல ஊறினது! ஆனா அவங்க சொன்னது நிஜம்தான். மூணு தடவை கலர் மாத்தியும் தேறலை. எங்க இடிக்குது?

மடக்குக்குடை:
கலர்ல இல்லைங்க. 1926ல வந்த 'வின்னி த பூ'ங்கற கரடிக்கதைப் புத்தகத்துக்கு ஈ. எச். ஷெப்பர்ட் போட்ட மேப்பைப் பாருங்க. சின்னப் பையன் வரைஞ்சான், இவர் ஒத்தாசை பண்ணினார்னு ஒரு பாவனை. அதனால எழுத்துப்பிழையெல்லாம் வேணும்னே இருக்கும். திசைகாட்டியோட நாலு முனையிலயும் திசைக்குப் பதிலா கரடி பேரோட நாலு எழுத்து, P, O, O, H! கதையில வர்ற கழுதை இருக்கற மூலையில, "சதுப்பு, சோகம்"னு குறிப்பு. இத்தனைக்கும் அது இங்கிலாந்துல நிஜமா இருக்கற ஆஷ்டவுன் காட்டைப் பாத்து வரைஞ்சது. உங்க மேப்பை யார் வரையறா? நீங்களா, அந்தப் பொண்ணா?

பழையபேப்பர்:
ஸ்டீவன்சன் கதையும் இதேதான். 1881ல மனைவியோட மகன்கூட உக்காந்து விளையாட்டா ஒரு தீவு வரைஞ்சார், அதுலேர்ந்துதான் 'ட்ரெஷர் ஐலண்ட்' வந்தது. பதிப்பாளருக்கு அனுப்பின மேப் தொலைஞ்சு போச்சு. அப்புறம் கதையில இருக்கற தூரத்தையெல்லாம் கணக்கெடுத்து, காம்பஸ் வெச்சு, கலங்கரை விளக்கம் கட்டற இன்ஜினியரான அவரோட அப்பா ஆபீஸ்ல புதுசா வரைஞ்சாங்க. திமிங்கிலம், கப்பல் எல்லாம் சேத்தும் அது தன்னோட தீவா படவே இல்லைன்னு அவரே எழுதியிருக்கார். அப்பா தொழில் உங்களை மட்டும் இல்ல, அவரையும் விடலை 😄

மைப்புட்டி:
ஒரு சின்ன விஷயம். முக்கியமான எதையும் நடு மடிப்புல வைக்காதீங்க, பைண்டிங்ல முழுங்கிடும்.

கரித்துண்டு:
நேத்து ராத்திரி ஸ்கேலை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு உக்காந்தேன். ரைஸ்மில் நாய் இப்ப கோயில் கோபுரத்தை விட ஒசரம். அதுக்கு பயந்து அவ சுத்திப்போற சந்து, மேப் பக்கத்துல பாதியை அடைச்சுக்கிச்சு. ஏரி ஒரு வடை அளவுக்குத்தான். அவ அந்தப் பக்கம் போனதே இல்லையே. மைப்புட்டி, உங்க பதிலைப் பாக்கறதுக்குள்ள ஆட்டுக்குட்டி விழுந்து கிடக்கற கிணத்தை நட்டநடு மடிப்புல போட்டுட்டேன். இடது பக்கம் நகத்தினா நாய் இடிக்குது!