80,000 ரூபாய்க்கு டிஜிட்டல் படம்: தம்பிக்கு என்ன சொல்றது?

எல்லாருக்கும் வணக்கம். நாங்க காசிமேடு. தம்பி சீட்டு எடுத்த 80,000 ரூபாயை அப்படியே போட்டு ஒரு என்எஃப்டி படம் (யாருக்குச் சொந்தம்னு ஆன்லைன்ல பதிவு பண்ணி விக்கிற டிஜிட்டல் படம்) வாங்கப்போறேன்னு நிக்கிறான். அவனே நல்லா வரைவான், அந்தப் படம் அவனுக்கு நிஜமாவே பிடிச்சிருக்கு. அதனாலதான் சட்டுனு வேணாம்னு சொல்ல மனசு வரல.

2021 மார்ச்ல பீப்பிள்ங்கிற ஓவியரோட என்எஃப்டி படம் கிறிஸ்டீஸ் ஏலத்துல 6.9 கோடி டாலருக்குப் போச்சாம், அதையேதான் சொல்றான். ஆனா அதே மாசம் ட்விட்டரை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜாக் டார்சியோட முதல் ட்வீட்டை என்எஃப்டியா 29 லட்சம் டாலர் குடுத்து வாங்கினவர் அடுத்த வருஷம் ஏலம் விட்டப்போ, கடைசி நாள்ல அதிகபட்சமா வந்த விலை 280 டாலர்தான்!

படத்தை யார் வேணா டவுன்லோடு பண்ணிக்கலாம். நமக்குக் கிடைக்கிறது பிளாக்செயின்ல, அதாவது பல கம்ப்யூட்டர்கள்ல பொதுவா இருக்கிற கணக்கேட்டுல, ஒரு பதிவுதான். பதிப்புரிமை (காப்பிரைட்) பெரும்பாலும் வரைஞ்சவர்கிட்டயேதான். வித்து லாபம் வந்தா 30 சதவீதம் வரி, நஷ்டத்தை வேற எதுலயும் கழிக்கவும் முடியாது.

இங்க யாராவது வாங்கித் திருப்பி வித்திருக்கீங்களா? ஆள் கிடைக்க எவ்வளவு நாள் ஆச்சு? போட்ட காசு வந்துச்சா? வர்ற ஞாயித்துக்கிழமை பணம் கட்டணும்ங்கிறான். அதுக்குள்ள சொன்னா பெரிய உதவியா இருக்கும்ங்க.