லைனஸ் பேக்கரை நீங்கள் சந்தித்த கதை

டி.ஜே. க்ளூன் எழுதி 2020-இல் வந்த ‘தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ’ நாவலைப் படித்தவர்கள், எந்த இடத்தில் அது உங்களைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லுங்களேன். நானே ஆரம்பிக்கிறேன். அறிக்கை எழுதிப் பிழைக்கிறவள் நான். நாவலில் லைனஸுக்கும் அதே வேலைதான். மாயசக்தி உள்ள குழந்தைகளின் இல்லங்களைச் சோதித்துக் கோப்பை மூடிவிடுவார்; அப்புறம் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று விசாரித்ததே இல்லை. மனிதர் கெட்டவரும் இல்லை. மார்சியாஸ் தீவில் உள்ள இல்லத்தில் ஒரு மாதம் தங்கச் சொல்லி அனுப்பிய பிறகுதான் அந்தக் கேள்வி அவருக்கு உறைக்கிறது. எனக்கு அந்த அத்தியாயங்களில் கொஞ்சம் வேர்த்தது.

⁂

எனக்கு சால்தாங்க. அந்தத் தீவு இல்லத்தின் ஆறு பிள்ளைகளில் நல்ல வாட்டசாட்டமான பையன். ஆனால் பயந்தால் சட்டென்று குட்டி பொமரேனியன் நாயாகிவிடுவான். போட்டிருந்த துணி அப்படியே தரையில் கிடக்கும். பல இல்லங்களில் அடிபட்டு வந்தவன். அவன் எழுதுகிற மேசையும் தட்டச்சு இயந்திரமும் துணி வைக்கும் சிற்றறைக்குள் இருக்கும், இடம் சின்னதாக இருந்தால்தான் அவனுக்குப் பாதுகாப்பு. லைனஸை ஒருநாள் அவனாகவே உள்ளே கூப்பிடுகிறான். மேசையை ஜன்னலோரம் போட்டால் என்ன என்று பேச்சு வருகிறது. பிடிக்காவிட்டால் திரும்ப உள்ளேயே கொண்டுபோய்விடலாம் என்ற உறுதியோடு இருவரும் நகர்த்துகிறார்கள். அவ்வளவுதான் காட்சி. அந்த ‘பிடிக்காவிட்டால்’தான் என்னை உலுக்கியது. பயந்த பிள்ளையிடம் பேசத் தெரிந்தவர்தான் அதை எழுத முடியும்.

⁂

நான் கொஞ்சம் முரண்படுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வெள்ளையர் குடும்பங்களில் வளர்க்கக் கொடுத்த ‘சிக்ஸ்டீஸ் ஸ்கூப்’ பற்றிப் படித்ததும் இந்தக் கதைக்கு ஒரு தூண்டுதல் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால் சர்க்கரை தூக்கலாகத் தெரிகிறது. நிஜத்தில் நல்ல மனம் கொண்ட ஒரு அதிகாரி வந்து எதையும் சரிசெய்யவில்லை. ஊர்க்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் மனம் மாறுவதையும் நம்ப முடியவில்லை. இருந்தாலும், இசைத்தட்டுக் கடையில் சாத்தானின் மகனான ஆறு வயதுப் பையன் லூசியைப் பின்னறையில் தள்ளிப் பேயோட்டப் பார்க்கிறானே ஒருவன், அந்த இடம் நிஜம். சிரித்துக்கொண்டே போன வண்டி சடாரென்று நிற்கும்.

⁂

சர்க்கரை தூக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சான்ஸியை விட்டுவிட்டீர்களே! என்ன இனம் என்றே யாருக்கும் தெரியாத பச்சை உருவம். பூதம் என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து பயமுறுத்த வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்ததை நம்பியிருந்தவன். அவனுடைய ஆசையோ ஓட்டலில் பெட்டி தூக்கும் பணியாளாக வேண்டும் என்பது. லைனஸின் கோட்டை வாங்கி மாட்டுவதில் அவனுக்கு அத்தனை பெருமை! நான் சத்தமாகச் சிரித்தது அங்கேதான். 2024-இல் வந்த அடுத்த பாகம், தீவு இல்லத்தை நடத்தும் ஆர்தர் பார்வையில் நகர்கிறது. யாராவது முடித்திருந்தால் சான்ஸி எப்படி இருக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள், மற்ற கதை வேண்டாம்.