மாமியா சிக்ஸ்: அழுத்தத் தகட்டின் அளவு தேவை

வணக்கம். 6x6 செ.மீ. படம் எடுக்கும் மடிப்புக் கேமராவான மாமியா சிக்ஸ் வைத்திருப்பவர்களிடம் ஓர் உதவி.

கேமராவில் ஜுய்கோ 75 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ். ஷட்டர் சரி, இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்ததில் பெல்லோஸிலும் (லென்ஸுக்குப் பின்னால் உள்ள மடிப்புத் துருத்தி) ஓட்டை இல்லை. ஆனால் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகடு இல்லை. இந்த மாடலில் அது தனியே கழன்று வரும் என்பதால் பழைய கேமராக்கள் பலவற்றில் தொலைந்திருக்கும். மற்ற கேமராவில் இதைச் சமாளிக்கலாம். இதில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் நகராது, ஃபிலிம் இருக்கும் தளமே முன்பின் நகரும். தகடும் அதோடு சேர்ந்து நகர வேண்டும், அதனால் இதில் தகடுதான் உயிர்.

சோதனை இப்படி: முக்காலியில் வைத்து, எஃப் 3.5-இல் (லென்ஸ் துளையை முழுதாகத் திறந்து), 2 மீட்டரில் சாய்த்து வைத்த அளவுகோல். ஃபிலிம் படியும் தண்டவாளத்தில் கிரவுண்ட் கிளாஸ் (பிம்பம் விழும் மங்கல் கண்ணாடி) வைத்து லூப்பில் (உருப்பெருக்கி) பார்த்தால் ரேஞ்ச்ஃபைண்டர் (கேமராவின் தூரம் அளக்கும் கருவி) காட்டும் இடமே கூர்மை. முடிவிலியும் சரி. ஃபிலிமில் மட்டும் கூர்மை 1.8 மீட்டருக்கு வந்துவிடுகிறது. கணக்குப்படி ஃபிலிம் சுமார் 0.3 மி.மீ. பின்னால் வளைந்து நிற்கிறது. எஃப் 3.5 துளையில் தாங்கும் பிழை 0.17 மி.மீ.தான். ஆகவே ரேஞ்ச்ஃபைண்டர் திருகைத் தொடச் சொல்லாதீர்கள், அதில் பிழை இல்லை.

தகடு உள்ளவர்கள் வெர்னியர் காலிப்பரில் நீளம், அகலம், தடிமன் அளந்து சொல்ல முடியுமா? நடுவிலும் நான்கு மூலையிலும் தடிமன் தனித்தனியாக வேண்டும். ஒரு மாமியா சிக்ஸ் மாடலின் தகடு இன்னொன்றில் பொருந்துமா என்பதை மாட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். பக்கவாட்டுப் படம் ஒன்று கிடைத்தால் பித்தளையில் வெட்டிக்கொள்ளலாம்.