பத்து அங்குல டேப்லெட்டை மட்டும் வைத்துக் காலம் தள்ள முடியுமா?

வெண்தாள்:
வணக்கம். மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். போக வர தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் கழிகிறது. இப்போதைய மடிக்கணினி சார்ஜரோடு சேர்த்து இரண்டரை கிலோ. தோள்வலியில் ராத்திரி தூக்கம் போய்விட்டது. அதை விட்டுவிட்டு, கீபோர்டைக் கழற்றி மாட்டும் சின்ன டேப்லெட் ஒன்றுக்கு மாறலாமா என்று யோசனை. பிடிஎஃப்பில் பேனாவால் திருத்தம் போட வேண்டும், வேர்டில் நீளமான அறிக்கைகள் அடிக்க வேண்டும். 2018இல் வந்த சர்ஃபேஸ் கோ (மைக்ரோசாஃப்ட்டின் பத்து அங்குல விண்டோஸ் டேப்லெட்), 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, பழையது ஒன்று விலைக்கு வருகிறது. இது ஒன்றே போதுமா?

கல்தூண்:
போதாது. இதே மாதிரி ஒன்றை (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) ஒன்றரை வருடம் வைத்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன். மேசை மேல் வைத்தால் குறையே இல்லை. மடியில் வைத்தால்தான் தெரியும். மடிக்கணினியின் கனமெல்லாம் கீபோர்டுக்கு அடியில் இருக்கும், அதனால் நிற்கும். இதில் பேட்டரி, போர்டு எல்லாமே திரைக்குப் பின்னால். முன்னால் இருப்பது வெறும் அட்டை மாதிரி ஒரு கீபோர்டு. அதன் விளிம்பிலிருந்து, திரையைப் பின்னாலிருந்து நிறுத்தும் தாங்கியின் நுனி வரை அளந்து பார்த்தேன், 27 செ.மீ. உட்கார்ந்தால் என் தொடையில் கிடைக்கும் இடமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு நாள் வண்டி குலுங்கியதும் தாங்கி முழங்காலைத் தாண்டி வழுக்கி, மொத்தமும் குப்புற விழுந்தது. திரையின் மூலையில் விரிசல். விழாத நாளில் தாங்கியின் விளிம்பு தொடையை அறுக்கும்.

இலகு:
கல்தூண் அண்ணே, மடியில் வைத்து அடிப்பது சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரயிலில் அறிக்கை அடிப்பேன் என்று வெண்தாள் சொல்லவே இல்லையே. ரயிலில் அவருக்கு இருப்பது படிப்பும் திருத்தமும். அதற்குக் கீபோர்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தால் ஆயிற்று. அந்த டேப்லெட் 522 கிராம், கீபோர்டு ஒரு கால் கிலோ. இரண்டரை கிலோ எங்கே, முக்கால் கிலோ எங்கே? தோள்வலியால் தூங்காதவரிடம் மடியின் நீளத்தை மட்டும் பேசி அனுப்புவது சரியில்லை.

கல்தூண்:
சரி, படிப்புக்கே வருகிறேன். திரையின் அகலமும் உயரமும் 2:3. பத்து அங்குலத்தை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 14 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21. அதாவது பக்கம் மூன்றில் இரண்டாகச் சுருங்குகிறது. 12 பாயின்ட் அளவு எழுத்து 8 பாயின்ட்டாகத் தெரியும். சாதாரணமாக வாசிப்பவருக்கு அது பரவாயில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றின் மேல் புள்ளி இருக்கிறதா, இருப்பது ‘ன’வா ‘ண’வா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டியவர். ஆடுகிற வண்டியில் அந்த அளவில் பார்த்தால் தோள்வலி போய்க் கண்வலி வரும்.

இலகு:
படுக்கைவசமாகத் திருப்புங்கள். அப்போது அகலம் 21 செ.மீ., ஏ4 அகலமே. அரைப் பக்கம் அசல் அளவில் அப்படியே கிடைக்கும். நான் இப்படித்தான் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒருமுறை நகர்த்த வேண்டும், வேறு தொல்லை இல்லை. சொல்லப்போனால் அரைப் பக்கம் மட்டும் கண் முன்னால் இருப்பது மெய்ப்புக்கு நல்லது, பார்வை கீழே ஓடிவிடாது.

நூல்கண்டு:
இரண்டு பேரும் மடியையும் கண்ணையும் பார்க்கிறீர்கள், பெட்டிக்குள் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. வெண்தாள், அந்தக் குறிப்பிட்ட டேப்லெட்டை தயவுசெய்து வாங்காதீர்கள். 2018 சர்ஃபேஸ் கோவில் இருப்பது பென்டியம் கோல்டு 4415ஒய் என்ற சில்லு (பிராசசர்). விண்டோஸ் 11 ஏற்கும் சில்லுகளின் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ (வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிப்பகத்தின் கோப்புகளை வைத்துக்கொண்டு அப்படி ஒரு கருவியில் வேலை செய்யக்கூடாது.

இன்னொன்று. அதே பெயரில், அதே உடலில், இரண்டு வகை விற்றார்கள். 4 ஜிபி ராமும் 64 ஜிபியும் உள்ளதில் இருப்பது இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு, 8 ஜிபி ராம் உள்ளதில் 128 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேர்டு, பிடிஎஃப், பிரவுசர் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ராம் போர்டோடு ஒட்டியது, பிறகு கூட்டவும் முடியாது. விண்டோஸ் 11க்கே குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும். அந்த அளவில் வாங்கினால் அமைப்பை நிறுவத்தான் இடம் இருக்கும், வேலைக்கு இருக்காது.

பனித்திரை:
பேனாதான் முக்கியம் என்றால் ஐபேட் ஏன் கூடாது? 2020 மார்ச்சில் வந்த ஐபேட்ஓஎஸ் (ஐபேடின் இயங்குதளம்) 13.4 பதிப்பிலிருந்து மவுஸ், டிராக்பேட் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. பேனாவால் எழுதும் சுகத்துக்கு நான் பார்த்ததில் அதற்கு இணை இல்லை.

கல்தூண்:
பேனா விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எடையைப் பாருங்கள். 2020 மாடல் 11 அங்குல ஐபேட் ப்ரோ 471 கிராம். அதற்கான மேஜிக் கீபோர்டு சுமார் 600 கிராம், டேப்லெட்டைவிடக் கனம். இரண்டும் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு மேல். எம்2 மேக்புக் ஏர் 1.24 கிலோ. மடியில் நிற்கும், முழு அளவுக் கீபோர்டும் இருக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக எதற்கு ஒட்டுப்போட்ட மடிக்கணினி? ஒரு கிலோவுக்கு நெருக்கமான நல்ல மடிக்கணினியே என் வாக்கு.

இலகு:
அந்த மேக்புக்கில் பேனாவால் திருத்தம் போட முடியாதே அண்ணே! அவருடைய தொழிலே அதுதான்.

வெண்தாள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு காரியம் செய்தேன். அட்டையில் 21க்கு 14 செ.மீ. வெட்டி, அதே அளவில் ஒரு மெய்ப்புப் பக்கத்தை அச்சடித்து ஒட்டி ரயிலில் எடுத்துப் போனேன். நிமிர்த்திப் பிடித்தபோது ஒரே பக்கத்தில் இரண்டு ஒற்றுகளைத் தவறவிட்டேன், கல்தூண் சொன்னது சரி. பின்புறம் அரைப் பக்கத்தை அசல் அளவில் ஒட்டியிருந்தேன், அதில் ஒன்றும் தப்பவில்லை. இலகு சொன்னதும் சரி. தொடையில் 27 செ.மீ. அட்டையும் வைத்துப் பார்த்தேன், முழங்காலுக்கு இரண்டு விரற்கடை முன்னால் முடிகிறது. அதை நம்பி அடிக்க மாட்டேன்.

ஆகவே ரயிலில் பேனா மட்டும், அறிக்கை வீட்டு மேசையில். அந்தப் பழையதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 8 ஜிபி, எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஏற்கும் சில்லு, இந்த மூன்றும் உள்ளதாகத் தேடுகிறேன்.

கல்தூண்:
மேசையில்தான் அடிப்பீர்கள் என்றால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் அந்தக் குட்டிக் கீபோர்டில் அடிக்காதீர்கள். சாதாரணக் கீபோர்டில் விசைக்கு விசை 19 மி.மீ. தூரம், இதில் நெருக்கிவைத்திருப்பார்கள், பத்துப் பக்கம் அடித்தால் மணிக்கட்டு கெஞ்சும். வீட்டில் தனியாக ஒரு முழுக் கீபோர்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு:
பவர்பேங்க் வாங்குவதானால் யுஎஸ்பி பவர் டெலிவரி (அதிக வாட்டில் சார்ஜ் ஏற்றும் முறை) உள்ளதா, எத்தனை வாட் என்று பார்த்து வாங்குங்கள். போனுக்கான 10 வாட் பெட்டியைச் செருகினால் பல டேப்லெட்டுகளில் ஏறுவதைவிட வேகமாக இறங்கும்.