பத்து வயதுப் பிள்ளைக்கு ஓவியம்: சொல்லிக்கொடுப்பதா, அவள் போக்கில் விடுவதா?

கீழவாசல்:
என் மகள் ஐந்தாம் வகுப்பு. சுவர், நோட்டு, பால் கணக்கு அட்டை என்று எதையும் விடாமல் வரைந்துகொண்டிருந்தவள், இந்த வருஷம் "எனக்கு வரைய வராது" என்று நிறுத்திவிட்டாள். பக்கத்துத் தெருவில் ஒரு டிராயிங் வகுப்பு இருக்கிறது. மாஸ்டர் போர்டில் மயில் போடுவார், பிள்ளைகள் அதை அப்படியே போட வேண்டும். பின்னால் லோயர் கிரேடு என்ற அரசு ஓவியத் தேர்வுக்கும் அனுப்புவாராம். சேர்க்கலாமா?

வைகைக்கரை:
சேர்க்காதீர்கள். போர்டு மயிலைப் பார்த்துப் போடும் பிள்ளை மாஸ்டரின் கோட்டைத்தான் பார்க்கிறது, மயிலைப் பார்ப்பதில்லை. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897இல் சிறுவர்களுக்கென்றே ஓவிய வகுப்பு தொடங்கினார். பெரியவர்களின் படத்தைக் காப்பி அடிக்க வைக்காமல், பிள்ளைகள் வரைவதே தனிக் கலை என்று மதித்தவர் அவர். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். "உங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதை வரை" என்றேன். ஒரு பையன் அப்பாவை வாசற்கதவைவிடப் பெரிதாகவும், தன்னை ஒரு மூலையில் சுண்டுவிரல் அளவுக்கும் போட்டான். அதில் அளவு தப்பு என்று திருத்தினால் அந்தப் பையன் சொல்லவந்தது போய்விடும்.

கரித்துண்டு:
ஆறு வயதுப் பிள்ளை என்றால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இவளுக்குப் பத்து. பிள்ளைகள் வரைவதைப் பருவம் பருவமாகப் பிரித்த விக்டர் லோவன்ஃபெல்ட், ஏறக்குறைய ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை தனிப் பருவம் என்றார். கண்ணில் பட்டது போலத் தாளில் வரவில்லையே என்று பிள்ளைக்கே உறுத்தத் தொடங்கும் வயது அது. "வரைய வராது" என்று அவள் சொல்வதும் அதுதான். உதவி கேட்கிறாள். அவளிடம் போய் "உன் இஷ்டம்போல வரை" என்பது கைவிடுவதற்குச் சமம்.

இன்னொன்றும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு வகுப்பில் தாளைக் கொடுத்து இஷ்டம்போல வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசையும் தென்னையும். இதற்குப் பெயர் சுதந்திரமா?

லோயர் கிரேடில் மாடல் டிராயிங் உண்டு, பொருளை எதிரே வைத்து வரைய வேண்டும். குடத்தின் வாய் வட்டம் என்று மனசு சொல்லும். கண்ணுக்குத் தெரிவதோ நீள்வட்டம். பார்வை மட்டத்துக்குக் கீழே போகப் போக அந்த நீள்வட்டம் விரியும், மட்டத்துக்கு நேராக வந்தால் வெறும் கோடாகிவிடும். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளையின் குடம் தாளில் உட்காரும். அப்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

சென்னை ஓவியப் பள்ளியையே பாருங்கள், இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த ராய் சௌத்ரியிடம் படித்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்தான் 1957இல் அவருக்குப் பின் அங்கே முதல்வராகி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் உருவாக்கினார். எழுத்தும் குறியீடுமாக அவர் தனக்கென ஒரு பாணி கண்டது, இயற்கைக் காட்சிகளை வருஷக்கணக்கில் வரைந்து கை பழகிய பிறகுதான்.

வைகைக்கரை:
கல்லூரிக்கு வந்த வாலிபர்களை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அளவுகோலாக வைக்காதீர்கள் சார். அவர்கள் ஓவியம்தான் வாழ்க்கை என்று முடிவுசெய்து வந்தவர்கள். லோவன்ஃபெல்டைச் சொன்னால் முழுக்கச் சொல்லுங்கள். வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். பெரியவர்களின் கோட்டுக்குள் நிறம் அடித்துப் பழகிய பிள்ளைக்குத் தன் கோட்டின் மேல் நம்பிக்கை போய்விடும் என்பது அவர் வாதம். அந்த மலையும் சூரியனும்கூடப் பிள்ளையின் மனசிலிருந்து வந்தவை இல்லை. ஒன்றாம் வகுப்பிலேயே யாரோ ஒரு பெரியவர் போர்டில் போட்டுக் காட்டியவை.

அரைநாள்_ஆசிரியர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் அரசுப் பள்ளியில் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர், 2012இல் சேர்ந்த கூட்டம். அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு ஒரு பகுதிநேர ஆள் இருந்தாக வேண்டும். கீழ் வகுப்புகளுக்கு அந்த விதியும் கிடையாது. கீழவாசல் அக்காவின் மகள் "வராது" என்று நிறுத்தும் வயதில் சொல்லித்தர ஆளே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். நாற்காலியை மேஜைமேல் ஏற்றி, "நாற்காலியை வரையாதே, கால்களுக்கு நடுவில் தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரை" என்பேன். வெற்றிடத்துக்கு மனசில் தயாராக ஒரு படம் இருக்காது, அதனால் பிள்ளை பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் தாளைப் பார்க்காமல் தன் இடது கையை ஒரே கோட்டில் வரையச் சொல்வேன். கோணல்மாணலாக வரும், எல்லாருக்கும் அப்படியே வருவதால் யாருக்கும் வெட்கமில்லை. "வராது" என்று ஒதுங்கிய பிள்ளைகள் இதில்தான் திரும்ப வந்தார்கள்.

கரித்துண்டு:
நான் சொல்லும் பயிற்சியும் இதுதான். பார்க்கப் பழக்குவது.

வைகைக்கரை:
நாற்காலிப் பயிற்சியில் எனக்கு மறுப்பில்லை, அங்கே எதிரில் இருப்பது பொருள். மயில் வகுப்பில் இருப்பது இன்னொருவர் போட்ட படம். தேர்வைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பத்து வயதில் படத்துக்கு மார்க் விழுந்தால் பிள்ளை மார்க்குக்காகத்தான் வரையும்.

கரித்துண்டு:
அரசுத் தேர்வு எழுதியதால்தான் ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போக முடிந்தது, வசதியில்லாத எத்தனையோ குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. அந்தக் கதவை மூடச் சொல்லாதீர்கள். இந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம், அதை ஏற்கிறேன். கீழவாசல் அம்மா, மென்மையாகக் கருப்பாக எழுதும் ஒரு 4பி பென்சிலும் கோடு போடாத நோட்டும் வாங்குங்கள். சமையலறைச் செம்பை மேஜைமேல் வைத்து நீங்களும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். வகுப்பில் சேர்ப்பதாக இருந்தால், பொருளை எதிரே வைத்து வரையவிடுவாரா என்று அந்த மாஸ்டரிடம் முதலில் கேளுங்கள்.