இரவு உணவுக்குப் பின் ஒரு சிறு சாக்லேட் துண்டு: ஆவல் தணியுமா, வளருமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரவு உணவு முடிந்த சிறிது நேரத்தில், இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்ற ஆவல் எனக்கு நாள் தவறாமல் எழுகிறது. வயிறு நிறைந்திருக்கும், பசி துளியும் இருக்காது, இருந்தும் நாக்கு கேட்கும். சாக்லேட் எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதால் அதை அடியோடு விட்டுவிட விருப்பமில்லை. அதே சமயம், ஒரு துண்டு என்று தொடங்கி முழுக் கட்டியையும் முடித்துவிடும் பழக்கமும் தொடரக் கூடாது. ஒரு சிறு துண்டோடு இந்த ஆவலைத் தணித்துக்கொள்ள முடியுமா, அல்லது அது ஆவலைக் கிளறிவிடத்தான் செய்யுமா? கருப்புச் சாக்லேட்டே நல்லது என்கிறார்கள், ஆனால் அதன் கசப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கப்படும் சாக்லேட்டுகளை நம்பலாமா? எனக்கு நீரிழிவு இல்லை.

மறுமொழி 1

நிச்சயமாகத் தணியும், ஆனால் அது துண்டின் அளவைவிட உண்ணும் விதத்தைப் பொறுத்தது. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியசில், அதாவது உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, உருகுகிறது. கையில் கெட்டியாக இருக்கும் துண்டு வாயில் வைத்ததும் குழைவது அதனால்தான். அப்படி உருகும்போதுதான் அதற்குள் அடங்கியிருக்கும் மணங்கள் வெளிப்பட்டு, தொண்டையின் பின்புறமாக மூக்கை எட்டுகின்றன. நாம் சாக்லேட்டின் சுவை என்று உணர்வதில் பெரும்பகுதி அந்த மணமே. கடித்து, மென்று, உடனே விழுங்கிவிட்டால் இனிப்பு மட்டும் நாவில் தங்குகிறது. மீதிச் சுவை முழுவதும் வீணாகிவிடுகிறது, மனமும் அடுத்த துண்டைத் தேடுகிறது.

ஆகவே துண்டை நாக்கின் மேல் வைத்து, அது தானாகக் கரையும் வரை காத்திருங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சாப்பிட வேண்டாம். குளிர்ந்த சாக்லேட் மெதுவாக உருகும், மணமும் மங்கலாகவே இருக்கும். சிறிது நேரம் வெளியே வைத்திருந்து உண்பது நல்லது. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதன் மீதான விருப்பம் படிப்படியாகக் குறைவதை உணவு ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். முதல் துண்டு தரும் இன்பத்தைப் பத்தாவது துண்டு தருவதில்லை. நிதானமாக உண்பவருக்கு அந்தத் தேய்மானம் சீக்கிரமே தெரிந்துவிடும், அவசரமாக உண்பவருக்குக் கட்டி தீர்ந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்று: கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வேண்டிய அளவை உடைத்துத் தட்டில் வைத்து, மீதியை மூடி அலமாரியில் வைத்த பின்பே முதல் துண்டை எடுங்கள். தனித்தனியாகத் தாள் சுற்றிய சிறு சாக்லேட்டுகளும் இதற்கு உதவும், ஏனெனில் ஒவ்வொரு தாளைப் பிரிக்கும்போதும் இன்னொன்று வேண்டுமா என்று யோசிக்க ஒரு கணம் கிடைக்கிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். எதை வாங்குவது என்பதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

உறையில் 70 சதவீதம் என்று இருந்தால், கோகோ தூள் பகுதியும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து அந்தக் கட்டியில் 70 சதவீதம் உள்ளன என்று பொருள். மீதியில் பெரும்பகுதி சர்க்கரை. எனவே 10 கிராம் துண்டில் சுமார் 3 கிராம் சர்க்கரை இருக்கும். பால் சாக்லேட்டாக இருந்தால் அதே எடையில் ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். இரண்டிலும் கலோரி 55 முதல் 60 வரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அன்றாட மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள் குறைந்தால் மேலும் நல்லது என்றும் கூறுகிறது. அந்த 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம். இந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு சிறு துண்டுக்காகப் பிடிக்காத கசப்பைச் சகித்துக்கொள்ள வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. பிடித்த பால் சாக்லேட்டையே 10 கிராம் உண்ணுங்கள். பிடிக்காததை உண்டால் ஆவல் அப்படியே எஞ்சி நிற்கும், பிறகு வேறு இனிப்பைத் தேடிப் போவீர்கள். கசப்பைப் பழகிக்கொள்ள விரும்பினால் 50 சதவீதத்தில் தொடங்கி மெல்ல ஏறலாம்.

உடலுக்கு நல்லவை எனப்படும் ஃபிளவனால்கள் என்னும் சேர்மங்கள் கோகோவில் இருப்பது உண்மை. ஆனால் அதைக் காரணம் காட்டிச் சாக்லேட்டை மருந்தாகக் கருதி அதிகம் உண்பதை நான் ஏற்க மாட்டேன். அது இன்பத்துக்கான பண்டம், அந்த மதிப்பே அதற்குப் போதும்.

வாங்கும்போது சேர்பொருள் பட்டியலைப் படிப்பது நல்ல பழக்கம். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தவை பெரும்பாலும் வாயில் மெழுகுபோல் ஒட்டிக்கொண்டு நிற்கும், முன்னவர் சொன்ன அந்த உருகும் இன்பம் அவற்றில் கிடைப்பது அரிது. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்பவற்றில் பெரும்பாலும் மால்டிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் இருக்கும். மால்டிட்டாலின் கலோரி சர்க்கரையினுடையதில் பாதிக்குச் சற்று மேல். கொழுப்பின் கலோரியோ அப்படியே இருக்கும். அளவு மீறினால் வயிற்று உப்புசமும் பேதியும் வரக்கூடும். நீரிழிவு இல்லாத உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 3

பற்களைப் பற்றியும் ஒரு சொல். பற்சிதைவைப் பொறுத்தவரை, எவ்வளவு சர்க்கரை என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை என்பதும் மிக முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு படும்போதும் வாயிலுள்ள நுண்ணுயிரிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. உமிழ்நீர் அதைச் சமன்செய்ய அரை மணி நேரத்துக்கும் மேலாகலாம். ஆகவே மாலை முழுவதும் துணுக்குத் துணுக்காகக் கொறிப்பதைவிட, உணவு முடிந்தவுடன் ஒரே தடவையில் உண்டுவிடுவது நல்லது. பல்லில் ஒட்டும் கேரமல் நிரப்பியவற்றைவிடச் சுத்தமாகக் கரைந்துவிடும் வெறும் சாக்லேட் மேல். பல் துலக்கிய பிறகு எதுவும் உண்ண வேண்டாம்.

கோகோவில் காஃபினைப் போன்ற ஊக்கியான தியோபுரோமினும் சிறிதளவு காஃபினும் இருப்பதால், உறக்கம் எளிதில் கலைபவராக இருந்தால் படுக்கைக்குப் போகும் நேரத்தில் கருப்புச் சாக்லேட்டைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், தியோபுரோமின் அதற்கு நஞ்சு.

கேள்வி கேட்டவர்

விரிவான மறுமொழிகளுக்கு மனமார்ந்த நன்றி. பால் சாக்லேட்டையே தொடரலாம் என்பது பெரும் ஆறுதல். ஒரு சிறு ஐயம்: கட்டியைப் பல நாள் வைத்திருந்து சிறிது சிறிதாக உண்ணும்போது மேற்பரப்பில் வெண்படலம் தோன்றுகிறது. அது பூஞ்சையா?

மறுமொழி 2 எழுதியவர்

பெரும்பாலும் பூஞ்சை அன்று. வெப்பம் ஏறி இறங்கும்போது கோகோ வெண்ணெய் மேற்பரப்புக்கு வந்து மீண்டும் படிகமாவதால் அப்படித் தோன்றும். ஈரம் பட்டால் சர்க்கரை கரைந்து, உலர்ந்து, சொரசொரப்பான படலமாகவும் மாறும். இரண்டும் உண்ணத் தீங்கற்றவை, மென்மைதான் குறையும். இறுக்கமாக மூடி, ஏறத்தாழ 15 முதல் 18 டிகிரி செல்சியசில், மணம் மிகுந்த பொருள்களிலிருந்து விலக்கி வையுங்கள். அறை அதைவிடச் சூடாக இருந்து குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றால், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியைத் திறக்காதீர்கள்.